போவாரா, இருப்பாரா?

2024-ஆம் வருஷத்துத் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வியாழக்கிழமையன்று வந்தது. அன்று மாலை அனகாபுத்தூரில் எங்கள் தெருப் பையன்கள் பட்டாசு கொளுத்தாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னால் நேயர்கள் நம்புவது கடினம். பட்டாசு தீர்ந்துவிடவில்லை. சரவெடிக் கட்டு இரண்டு பிரிக்காமலே பக்கத்தில் கிடந்தது. ஒருவன் கையில் டெலிபோன். மற்ற ஏழெட்டுப் பேருடைய தலைகளும் அதன்மேல். ஐந்து மணிக்குள் ஒரு சமாசாரம் வரவேண்டும். நல்லபடியாக வந்தால் சரத்தைக் கொளுத்துவது, இல்லாவிட்டால் கட்டுகளைக் கார்த்திகைக்கு எடுத்து வைத்துவிடுவது என்று ஏற்பாடு.

அடுத்த வருஷம் மகேந்திர சிங் தோனி சென்னைக்காக ஆடுவாரா, மாட்டாரா என்பதுதான் அந்தச் சமாசாரம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்தார். ஐம்பது வருஷம் தறிக்குழியில் கால் வைத்தவர். “என்னடா தம்பிங்களா, நல்ல நாளும் அதுவுமா துக்க வீட்டிலே உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றார்.

“தல இருப்பாரா போவாரான்னு இன்னிக்குத்தான் தாத்தா தெரியும்.”

“யாரு சொல்லணும்? அவரா, முதலாளியா?”

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ரெண்டு பேரும்தான் தாத்தா” என்றான் ஒருவன், அவ்வளவு நிச்சயமில்லாமல்.

“அப்படி ஒரு தொழில் இருக்குதா என்ன!” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உள்ளே போய்விட்டார்.

பெரியவருடைய கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் சொல்லப்போகிறேன்.

2008-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி பம்பாயில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். மனிதர்களை ஏலம் போடுவதா என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. சச்சின் டெண்டுல்கர், கங்குலி, டிராவிட், சேவாக், யுவராஜ் சிங் ஆகிய ஐவரும் ‘சின்ன’ ஆட்டக்காரர்கள் என்று சொந்த ஊர் அணிகளுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டார்கள். (சின்னம் என்ற பொருளில், சிறியவர் என்ற பொருளில் அல்ல.) சென்னைக்கு அப்படி யாரும் கிடையாது. ஆகவே கை நிறையப் பணத்தோடு வந்து, ராஞ்சிக்காரரான தோனியைப் பதினைந்து லட்சம் டாலருக்கு எடுத்தது. நமது கணக்கில் ஏறக்குறைய ஆறு கோடி ரூபாய். அன்றைய ஏலத்தில் அதுவே உச்ச விலை.

தோனி சென்னையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். சுத்தியல் எங்கே விழுந்ததோ அங்கே வந்தார். இன்னொரு அணிக்காரர் கையை இன்னும் ஒரு முறை தூக்கியிருந்தால், எங்கள் தெருச் சுவர்களில் மஞ்சள் வர்ணத்துக்கு வேலையே இருந்திராது. பதினாறு வருஷத்துப் பக்தி ஒரு சுத்தியல் தட்டில் பிறந்தது! சூதாட்ட விவகாரத்தில் சென்னை அணி இரண்டு வருஷம் விலக்கி வைக்கப்பட்டபோது, 2016-லும் 2017-லும் அவர் பூனாவுக்காக ஆடினார். அந்த ஊரையும் அவர் கேட்டு வாங்கவில்லை.

இது கிரிக்கெட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. இங்கிலாந்தில் கால்பந்துக் கிளப்புகள் ஒரு விசித்திரமான விதி வைத்திருந்தன. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனை வேறு கிளப்புக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் நியூகாஸில் கிளப்போடு இதற்காகச் சண்டை போட்டு, ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்த்து, கடைசியில் ஆர்செனலுக்குப் போய்ச் சேர்ந்தார். போய்ச் சேர்ந்த பிறகும் வழக்கை விடவில்லை. 1963-ல் அந்த விதி நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்புச் சொன்னார்.

அமெரிக்காவில் கர்ட் பிளட் என்ற பேஸ்பால் வீரரின் கதை இதைவிட உருக்கமானது. பன்னிரண்டு வருஷம் செயின்ட் லூயி அணிக்காக ஆடியவர். 1969 அக்டோபரில் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் நல்ல சம்பளக்காரர், பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. வாங்கி விற்கப்படும் சொத்து அல்ல நான் என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். அங்கே ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட அவர் பக்கம் வந்து சாட்சி சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து சொன்னார். 1972-ல் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டது. மூன்றே வருஷத்தில், 1975 டிசம்பரில், ஒரு மத்தியஸ்தரின் முடிவால் அந்தக் கட்டு அறுந்தது. அனுபவித்தவர்கள் வேறு ஆட்டக்காரர்கள்.

கூடைப்பந்தில் ஆஸ்கார் ராபர்ட்சன் 1970-ல் வழக்குத் தொடுத்தார். 1976-ல் சமரசம் ஆயிற்று. அந்தச் சமரசம் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் 2010-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி லெப்ரான் ஜேம்ஸ் நடந்து போனார். கிளீவ்லாந்து அவருக்குப் பக்கத்து ஊர். ஏழு வருஷம் அங்கே ஆடியிருந்தார். ஒப்பந்தம் முடிந்து, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை. அந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தது. மயாமிக்குப் போகிறேன் என்றார். அன்று இரவு அவர் பெயர் போட்ட சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அணியின் முதலாளி அவரைத் திட்டிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நான்கு வருஷம் கழித்து அவரே திரும்பி வந்ததும், 2016-ல் கிளீவ்லாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் வேறு கதை.

நம் ஊரில் கூடைப்பந்து வீரனுடைய காத்திருப்பு இந்த மாதிரி இல்லை. இந்தியன் பாங்க், ஓவர்ஸீஸ் பாங்க், சதர்ன் ரெயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப். ஆகிய அணிகளில் இடம் கிடைத்தால் கூடவே உத்தியோகமும் கிடைக்கும் என்பதுதான் பலகாலம் அவனுடைய கனவு. தபால்காரனுக்காக வாசலைப் பார்த்திருந்தது அவன்; ஜனங்கள் அல்ல.

இனிப் பெரியவருடைய தொழிலுக்கு வருகிறேன். அனகாபுத்தூர் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அடையாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தறி. கட்டம் போட்ட ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ இங்கிருந்து நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறிற்று. கைக்குட்டை என்று பெயரே தவிர, அங்கே நைஜர் நதி முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் பிறப்பு முதல் சாவு வரை சடங்குகளில் உடுத்தும் துணி அது. அந்தச் சந்தை விழுந்த பிறகு சில நெசவாளர்கள் வாழைநார், சணல் என்று புதுப் பாவு போட்டுப் பார்த்தார்கள். பலர் தறியைப் பிரித்துப் பரணில் போட்டார்கள்.

நெசவாளன் முன்பணம் வாங்கி நெய்கிறவன். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையைச் சுற்றியிருந்த நெசவாளர்களுக்கு இந்த முன்பணத்தில் ஒரு அழகான சுதந்திரம் இருந்தது என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். வேறு வியாபாரி கூடுதல் கூலி தருகிறேன் என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். கொடுத்த வியாபாரிக்கோ, நினைத்த நேரத்தில் ஒப்பந்தத்தை முறிக்க வழியில்லை. தன் விலை அறிந்த கைவினைஞன் இருந்த காலம் அது. கிழக்கிந்தியக் கம்பெனியாரே நெசவாளர்களைக் கூவிக் கூவி அழைக்கவேண்டியிருந்தது. 1734-ல் கூவம் ஆற்றின் வளைவில் கவர்னர் பிட் அவர்களைக் குடியேற்றிய சின்னத்தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

கம்பெனி ராஜாவான பிறகு காற்றுத் திசை மாறிற்று. கம்பெனித் துணி முடியும்வரை வேறு யாருக்கும் நெய்யக்கூடாது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் விடமுடியாது என்றார்கள். தறி வீட்டுக்குக் காவல் போட்டார்கள். நெசவாளர்கள் பல இடங்களில் ஒன்றுகூடி, தறியை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ஊரைவிட்டே வெளியேறிப் பார்த்தார்கள். ஈஸ்ட்ஹாமும் பிளட்டும் செய்தது இதைத்தான். ஆனால் நெசவாளனுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ தீர்ப்புச் சொல்ல வில்பர்போர்ஸ் யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

பெரியவரே என்னிடம் ஒரு தடவை சொன்னார்: “முதலாளி கணக்கு முடியவே முடியாது சார். நெய்யறதுக்குள்ளே கல்யாணம் வரும், காது குத்தல் வரும். மறுபடி ஒரு ஆயிரம். எங்கே போறது?”

தீபாவளியன்று மாலைக்குத் திரும்புவோம். அந்த வருஷம் செப்டம்பரில் கிரிக்கெட் போர்டார் ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். ஐந்து வருஷமாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, சர்வதேச ஆட்டமே ஆடாதவராகக் கருதி, நாலு கோடி ரூபாய்க்கு வைத்துக்கொள்ளலாம். 90 டெஸ்டும், 350 ஒருநாள் ஆட்டமும், இரண்டு உலகக் கோப்பையும் கண்டவர், 2019 ஜூலையில் நியூஸிலாந்துக்கு எதிராக ரன் அவுட் ஆன பிறகு தேசத்துக்காக ஆடவில்லை என்பதால், ஆடாதவராக ஆகிவிட்டார்! சட்டம் படித்தவர்களால்தான் இப்படி எழுத முடியும். முந்திய தடவை அவருக்குப் பன்னிரண்டு கோடி. இப்போது மூன்றில் ஒரு பங்கு.

பட்டியல் வந்தது. ருதுராஜ், ஜடேஜா பதினெட்டுக் கோடி, பதிரனா பதின்மூன்று, துபே பன்னிரண்டு. கடைசியில் தோனி, நாலு கோடி. பையன்கள் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் ஓடின. இரண்டு சரமும் ஒரே சமயத்தில் வெடித்தன. புகைக்குள்ளிருந்து பெரியவர் எட்டிப் பார்த்து, “இருக்காரா?” என்று கேட்டார். “இருக்காரு தாத்தா!” “கூலியைக் குறைச்சுக்கிட்டா?” யாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை.

அடுத்த வருஷம் சென்னை பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில், முடித்தது. 2025 நவம்பரில் மறுபடியும் அதே திண்ணை, அதே கேள்வி. தோனி இருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போய்விட்டார். கூடவே சாம் கரனும். பதிலுக்குச் சஞ்சு சாம்சன் வந்தார். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஜடேஜா. அன்று நடுராத்திரியில் தோனி தூக்கிக்கொண்ட ஜடேஜா. பதினெட்டுக் கோடியிலிருந்து பதினாலு கோடிக்கு இறங்கி, அவருடைய சம்மதத்தோடுதான் போனார் என்று அணி நிர்வாகி சொன்னார். அவர் இருப்பாரா, போவாரா என்று எங்கள் தெருவில் யாரும் காத்திருக்கவில்லை.

அவர் பெயர் போட்ட மஞ்சள் சட்டை ஒன்று எதிர்வீட்டுப் பையனிடம் இருந்தது. கிளீவ்லாந்து மாதிரி அவன் அதைக் கொளுத்தவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, முதுகில் இருந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். சட்டை நல்ல சட்டை என்றான்.

“நல்லா உரிடா, நூல் இழுத்துக்கப் போவுது” என்றார் பெரியவர்.