ஷங்குல் முதல் கல்வரி வரை: இருபத்து மூன்று ஆண்டு இடைவெளி

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலான 'வாகீர்' கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 2014 இல் சீன நீர்மூழ்கி ஒன்று இதே துறைமுகத்தில் தரித்து நின்றபோது புதுடில்லி காட்டிய சினம் பலருக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வேறொரு கணக்கே மனதில் ஓடியது. வாகீர் மும்பாயின் மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. அதே தளம் 1992 இலேயே ஒரு நீர்மூழ்கியைக் கட்டிக் கடற்படையிடம் கையளித்திருந்தது. அப்படியிருக்க, இந்த வரிசையின் முதற் கப்பல் 2017 வரை கடற்படையில் சேராமற் போனது ஏன்?

கதை 1971 போரிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசெம்பர் 9 ஆம் திகதி, பிரான்ஸில் கட்டப்பட்ட பாகிஸ்தானின் 'ஹங்கோர்' என்ற நீர்மூழ்கி, இந்தியாவின் 'குக்ரி' போர்க்கப்பலை மூழ்கடித்தது. 190 இற்கும் மேற்பட்டோர் கப்பலுடன் மாண்டனர். இந்தியாவிடமும் அப்போது நீர்மூழ்கிகள் இருந்தன. 1967 இல் சேர்க்கப்பட்ட முதலாவது 'கல்வரி' உட்பட யாவும் சோவியத் ஒன்றியம் கட்டித் தந்தவை. வாங்கினால் மட்டும் போதாது, கட்டவும் பழக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

டீசல்-மின் நீர்மூழ்கி என்பதன் தத்துவம் எளிமையானது. டீசல் இயந்திரத்துக்குக் காற்று வேண்டும். ஆகவே கப்பல் நீர்மட்டத்தருகே வந்து, மூச்சுக்குழாயை மேலே நீட்டி, இயந்திரத்தை ஓட்டி மின்கலங்களுக்கு மின்னேற்றிக்கொள்ளும். பிறகு ஆழத்துக்கு இறங்கி, மின்கலத்தின் வலுவில் ஓசையின்றிச் செல்லும். தத்துவம் எளிது, உடலைக் கட்டுவதுதான் கடினம். கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உட்கூடு ஏறக்குறையப் பிழையற்ற வட்டமாக இருத்தல் வேண்டும். தடித்த விசேட உருக்குத் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்த ஒவ்வொரு கோடும் கதிர்ப்படம் எடுத்துப் பரிசோதிக்கப்படும். இந்தத் திறன் வரைபடத்தில் இல்லை. வெல்டிங் செய்பவனின் கையில் இருக்கிறது. பயிற்சி நின்றால் கை மறந்துவிடும்.

1981 டிசெம்பரில் மேற்கு ஜேர்மனியின் எச்.டி.டபிள்யூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நான்கு கப்பல்கள்: இரண்டு ஜேர்மனியின் கீல் நகரில், இரண்டு மும்பாயில். இந்தியப் பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் கீல் சென்று பயின்றனர். அங்கு கட்டப்பட்ட 'ஷிஷுமார்', 'ஷங்குஷ்' இரண்டும் 1986 இல் சேவைக்கு வந்தன. மும்பாயில் வேலை மெதுவாகவே நகர்ந்தது. எனினும் 1992 பெப்ரவரியில் 'ஷல்கி' கடற்படையில் இணைந்தது. இந்திய மண்ணில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி அதுவே. 1994 மே மாதம் 'ஷங்குல்' வந்தது. மேலும் இரண்டு கப்பல்களை அங்கேயே கட்டுவதென்ற திட்டமும் முன்பே இருந்தது. கற்றுக்கொண்ட கைகளுக்குத் தொடர்ந்து வேலை கிடைத்திருக்கும்.

ஆனால் 1987 குறுக்கிட்டது. அந்த ஆண்டு என்றதும் நம்மவர்க்கு ஜூலை 29 ஒப்பந்தமே நினைவில் எழும். இந்திய அரசியலில் அதற்கு முன்பே, ஏப்ரலில், பூகம்பம் ஒன்று நிகழ்ந்திருந்தது. மேலதிகக் கப்பல்களின் விலையைக் குறைக்கும்படி கேட்டபோது, 7 சதவீதத் தரகுப்பணம் கொடுக்கவேண்டியிருப்பதால் இயலாது என ஜேர்மன் தரப்பு கூறியதாக, அங்கிருந்த இந்தியத் தூதுவரின் தந்தி புதுடில்லிக்கு எட்டியது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.பி.சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பினால் ஏப்ரல் 12 இல் பதவி துறந்தார். போபர்ஸ் பீரங்கி விவகாரத்துக்காகவே அவர் விலகினார் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது பிழை. போபர்ஸ் பற்றிய சுவீடன் வானொலியின் செய்தி நான்கு நாட்கள் கழித்தே வெளியானது.

அதன் பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. 1990 இல் மத்திய புலனாய்வுப் பிரிவு வழக்குப் பதிந்தது. ஆண்டுகள் உருண்டன, எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படாமலே வழக்கு மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனத்துடனான உறவு முறிந்தது. ஐந்தாவது, ஆறாவது கப்பல்கள் கைவிடப்பட்டன. ஷங்குலுக்குப் பிறகு மசகான் தளத்தின் நீர்மூழ்கிப் பட்டறைக்குக் கட்டுவதற்குக் கப்பல் இல்லை. கீலில் பயின்றவர்கள் வேறு வேலைகளுக்குச் சிதறினர், ஓய்வு பெற்றனர்.

விசாரணை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. பொதுப்பணத்தில் தரகு உண்டவன் எவனாயினும் கூண்டில் ஏற்றப்படவேண்டியவனே. ஆனால் இங்கே தரகன் தப்பிக்கொண்டான், தண்டனை பட்டறைக்குக் கிடைத்தது. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் இதில் முழுக்கக் குற்றமற்றவர்களல்லர். தரகுப்பணக் கதை முதற்பக்கத்தில் ஓடும். வேலையின்றிக் கிடக்கும் ஒரு பட்டறை எந்தப் பக்கத்திலும் செய்தியாகாது.

1999 இல், முப்பது ஆண்டுகளில் 24 நீர்மூழ்கிகளைக் கட்டும் திட்டத்துக்கு இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. காகிதத்தில் கம்பீரமான திட்டம். அதன்படி ஆறு 'ஸ்கோர்பீன்' ரகக் கப்பல்களை மசகானில் கட்டுவதற்குப் பிரெஞ்சு நிறுவனத்துடன் உடன்பாடு கண்டபோது 2005 ஒக்டோபர் ஆகிவிட்டது. முதற் கப்பல் 2012 இல் தயாராகும் என்றார்கள். பழைய அனுபவம் கைவிட்டுப் போனதால், தொழில்நுட்பத்தை உள்வாங்குவதில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. உதிரிப் பாகங்களின் கொள்வனவும் இழுபட்டது. புதிய 'கல்வரி' கடற்படையில் சேர்ந்தது 2017 டிசெம்பர் 14 இல். ஷங்குலுக்கும் கல்வரிக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள்.

அந்தக் கல்வரியும் அதற்கென்று தெரிவுசெய்யப்பட்ட டோர்பிடோ இன்றியே வந்தது. இத்தாலிய நிறுவனமொன்றின் 'பிளாக் ஷார்க்' டோர்பிடோக்களே தெரிவாகியிருந்தன. அதன் தாய் நிறுவனம் ஹெலிகொப்டர் கொள்வனவு ஊழலில் சிக்கியதால் 2016 இல் அந்தக் கொள்வனவும் கைவிடப்பட்டது. ஆகவே 1980களில் ஷிஷுமார் வரிசைக்காக வாங்கிய ஜேர்மன் டோர்பிடோக்களையே புதிய கப்பலும் ஏந்த நேர்ந்தது. ஓர் ஊழலின் விளைவை இன்னோர் ஊழல் அப்படியே பிரதிசெய்தது போலிருந்தது.

இடைவெளி நீண்ட ஆண்டுகளில் கடற்படை பெரும்பாலும் பழைய ரஷ்யக் கப்பல்களைச் செப்பனிட்டே காலம் தள்ளியது. 2013 ஓகஸ்ட் 14 இல் மும்பாய்த் துறைமுகத்தில் 'சிந்துரக்ஷக்' வெடித்து 18 கடற்படையினர் இறந்தனர். அடுத்த பெப்ரவரியில் 'சிந்துரத்னா'வில் மூண்ட தீயில் இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். தளபதி அட்மிரல் டி.கே.ஜோஷி தார்மீகப் பொறுப்பேற்று அன்றே விலகினார். இந்த மரணங்களுக்கு 1987 இன் தந்தியே காரணம் என நேர்கோடு வரைவது நியாயமாகாது; சிந்துரக்ஷக் அப்படியொன்றும் முதிய கப்பலுமல்ல. ஆயினும், புதியவை வராதபோது இருப்பவற்றின் மீது சுமை ஏறும் என்பதைக் கடற்படை வட்டாரங்கள் மறுத்ததில்லை.

ஸ்கோர்பீன் வரிசையின் ஆறாவதும் கடைசியுமான 'வாக்ஷீர்' 2025 ஜனவரி 15 இல் சேவையில் இணைந்தது. அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்காக மசகான் தளமும் ஒரு வெளிநாட்டுப் பங்காளியும் அதே ஆண்டில் அரசுடன் பேச்சுவார்த்தை தொடங்கின. அந்தப் பங்காளி தைசன்குருப் மரைன் சிஸ்டம்ஸ். கீல் நகரின் பழைய எச்.டி.டபிள்யூ தளம் இப்போது அதற்கே சொந்தம்.