நோவா நெட்பிசி: மலிவு வலைக்கணினியின் சென்னை வரலாறு

நோவா நெட்பிசி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நோவாட்டியம் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த வலைக்கணினி. ஹார்ட் டிஸ்க் இல்லாத சிறிய பெட்டி இது. திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை இதில் பொருத்தலாம். மென்பொருள்களும் பயனரின் கோப்புகளும் தொலைவில் உள்ள சர்வரில் இருக்கும். கணினியைக் கடையில் வாங்கும் பொருளாக அன்றி, தொலைபேசி இணைப்பைப் போல மாதக் கட்டணம் செலுத்திப் பெறும் சேவையாக விற்க இந்தியாவில் நடந்த முன்னோடி முயற்சிகளில் ஒன்று. தொழில்நுட்ப அளவில் செயல்பட்டும் இது பரவலாகவில்லை. அதன் காரணங்கள் அக்காலத்துக் கணினிச் சந்தையைப் புரிந்துகொள்ள உதவுபவை.

பின்னணி

அலுவலகத்தின் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி, அவையனைத்தும் ஒரே வலையில் இணைந்திருக்கும் என்னும் கருத்து 1970-களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவானது. 1973-ல் அங்கே ஆல்டோ கணினியும் ஈதர்நெட் இணைப்பும் உருவாக்கப்பட்டன. அதே கருத்தை ஜெராக்ஸ் 1981-ல் 'ஸ்டார்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு ஸ்டார் கணினியின் விலை 16,000 டாலருக்கு மேல். தனியாக ஒன்றை வாங்குவதில் பயனில்லை. கோப்பு சர்வர், அச்சுக் கருவி, மேலும் சில கணினிகள் எல்லாம் சேர்த்து வாங்கினால்தான் அலுவலகம் இயங்கும். அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனிக்கணினி மிகக் குறைந்த விலையில் வெளிவந்தது. வலையில் இணைந்த அலுவலகத்துக்குப் பதிலாகத் தனித்து இயங்கும் பெட்டியையே உலகம் வாங்கியது.

1995-ல் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எல்லிசன் 500 டாலர் விலையில் 'நெட்வொர்க் கம்ப்யூட்டர்' ஒன்றை முன்மொழிந்தார். 1996-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாஸ்டேஷனை அறிமுகப்படுத்தியது. ஆனால் 1997-ல் தனிக்கணினியின் விலை 1,000 டாலருக்குக் கீழே வந்தது. விலை வேறுபாடு குறைந்ததும் வலைக்கணினியின் கவர்ச்சியும் குறைந்தது. நோவாட்டியமும் பிற்காலத்தில் இதே சிக்கலைச் சந்தித்தது.

தமிழகச் சூழல்

மலிவு விலைக் கணினி விற்பனையில் சென்னைக்கு முன்வரலாறு உண்டு. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கைக்குப் பிறகு, சி.சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி'யைப் பிற நிறுவனங்களைவிட மிகக் குறைந்த விலையில் விற்று விலைப்போட்டியைத் தொடங்கி வைத்தது.

ஆனாலும் சிறு நிறுவனங்களில் கணினி அரிதாகவே இருந்தது. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளில் கணக்குப் பிரிவில் ஒரு கணினி இருக்கும், அதில் டேலி ஓடும். பொருட்கிடங்கு, தரக்கட்டுப்பாடு, விற்பனை ஆகிய பிரிவுகளின் பணியாளர்கள் பதிவேடுகளிலேயே எழுதினர். பத்துப் பேருக்குக் கணினி தருவதென்றால் பத்துப் பெட்டிகள், பத்து இயங்குதள உரிமங்கள், பத்து அலுவலக மென்பொருள் உரிமங்கள், இவற்றைப் பராமரிக்க ஓர் ஆள் என்று செலவு பெருகும். யார் கணினியைத் தொடலாம் என்பதை இந்தச் செலவே தீர்மானித்தது.

இரண்டு பாதைகள்

நோவாட்டியம் இரண்டு தனித்தனி முயற்சிகளின் சந்திப்பில் உருவானது.

முதலாவது, சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் நடத்திய டெனெட் குழு. ஒரு தொலைபேசி இணைப்பை நிறுவும் செலவைக் குறைத்தாலன்றி இந்தியாவில் தொலைபேசி பரவாது என்பது ஜுன்ஜுன்வாலாவின் வாதம். அதன் விளைவாக மைடாஸ் நிறுவனத்துடன் இணைந்து கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு உருவாக்கப்பட்டது. அதற்கான சில்லுகளில் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் பங்களித்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் கார்டெக்ட் வழியாகக் கிராம இணைய மையங்கள் நடத்தப்பட்டன. இணைப்பு மலிவானபோது, அதன் முனையில் இருக்கும் கணினியே மிகுந்த செலவுள்ள பொருளாகியது.

இரண்டாவது, மும்பையைச் சேர்ந்த ராஜேஷ் ஜெயினின் முயற்சி. இவர் தொடங்கிய இந்தியாவேர்ல்ட் இணையதளங்களை 1999-ல் சென்னையின் சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதன்பின் ஜெயின் சிறு, நடுத்தர நிறுவனங்களின் ஒவ்வொரு பணியாளருக்கும் கணினி என்ற இலக்கைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஐயாயிரம் ரூபாய்க் கணினி என்பது அவர் முன்வைத்த கருத்து. வலுவான சர்வர் ஒன்றில் லினக்ஸை நிறுவி, பழைய கணினிகளை அதன் முனையங்களாகப் பயன்படுத்தும் முறையை அவருடைய நெட்கோர் நிறுவனம் முயன்று பார்த்தது.

ஜெயின், ஜுன்ஜுன்வாலா, அனலாக் டிவைசஸின் நிறுவனர்களில் ஒருவரான ரே ஸ்டாட்டா ஆகியோர் இணைந்து நோவாட்டியத்தை உருவாக்கினர்.

அமைப்பும் விற்பனையும்

நோவா நெட்பிசியில் விலை உயர்ந்த கணினிச் செயலிக்குப் பதிலாகக் கைபேசி வகைச் சில்லு பயன்படுத்தப்பட்டது. பயனர் தட்டச்சு செய்வதும் மவுஸை அசைப்பதும் சர்வருக்குச் செல்லும். சர்வர் கணித்த திரைக்காட்சி பெட்டிக்குத் திரும்பி வரும். பெட்டியில் எதுவும் சேமிக்கப்படாததால் வைரஸ் தாக்க இடமில்லை. பழுதானால் பெட்டியை மாற்றினால் போதும், கோப்புகள் சர்வரில் பத்திரமாக இருக்கும். மென்பொருளை ஓரிடத்தில் புதுப்பித்தால் அனைவருக்கும் புதுப்பிக்கப்படும். மின்சாரச் செலவும் மிகக் குறைவு.

நோவாட்டியம் 100 டாலர் விலையை இலக்காக வைத்தது. நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005-ல் அறிவித்த நூறு டாலர் மடிக்கணினி உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. அந்த மடிக்கணினி கடைசிவரை நூறு டாலருக்கு வரவில்லை. 2007-ல் நியூஸ்வீக் இதழ் நோவா நெட்பிசியைப் பற்றி எழுதியபோது அது உலகக் கவனம் பெற்றது.

விற்பனைக்கு நோவாட்டியம் கடைகளை நம்பவில்லை, தொலைபேசி நிறுவனங்களை நாடியது. டெல்லியில் எம்டிஎன்எல் அகன்ற அலைவரிசை இணைப்புடன் சேர்த்து நெட்பிசியை வழங்கியது. இணைப்பு, பெட்டி, மென்பொருள், பராமரிப்பு ஆகிய நான்கையும் ஒரே நிறுவனத்திடம் பெறலாம் என்பதே விற்பனையின் மையம்.

பரவாமைக்கான காரணங்கள்

முதல் காரணம் இணைப்பின் வேகம். 2004-ல் வெளியான இந்திய அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகன்ற அலைவரிசை என வரையறுத்தது. எழுத்து வேலைக்கு அது ஓரளவு போதும், படமும் காணொளியும் தடுமாறும். தனிக்கணினியில் இணைப்பு அறுந்தால் இணையம் மட்டுமே போகும். வலைக்கணினியில் வேலை முழுவதும் நின்றுவிடும். 2008-க்குப் பின் தமிழகத்தில் மின்வெட்டு கடுமையானபோது, பெட்டிக்கு மட்டுமன்றி மோடத்துக்கும் வழியிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் தேவைப்பட்டது.

இரண்டாவது காரணம் தனிக்கணினியின் விலைச்சரிவு. 1997-ல் இந்தியா ஏற்ற தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி 2005-க்குள் கணினிப் பொருட்களின் சுங்க வரி நீக்கப்பட்டது. 2005-ல் எச்சிஎல் நிறுவனம் 10,000 ரூபாய்க்குக் குறைவான விலையில் லினக்ஸ் கணினியை அறிமுகப்படுத்தியது. நெட்பிசிக்கும் திரை தனியாக வாங்க வேண்டும் என்பதால் உண்மையான விலை வேறுபாடு சுருங்கியது.

மூன்றாவது காரணம், அதிகம் பேசப்படாதது, சென்னை ரிச்சி தெருவில் இருந்தது. அங்கே உதிரிபாகங்களைக் கோத்துத் தரும் கணினியில் விண்டோஸின் கள்ளப்பிரதி இலவசமாகவே ஏற்றித் தரப்பட்டது. மென்பொருள் உரிமச் செலவு மிச்சமாகும் என்பது வலைக்கணினியின் முதன்மை வாதம். உரிமத்துக்குப் பணமே செலுத்தாத வாடிக்கையாளரிடம் அந்த வாதம் எடுபடவில்லை. மேலும் கோத்துத் தருவதிலும் பழுது பார்ப்பதிலும் பிழைத்த சிறு வணிகருக்குப் பழுதே ஆகாத பெட்டியில் வருமானம் இல்லை. வாடிக்கையாளர் ஆலோசனை கேட்டதோ அவரிடம்தான்.

நான்காவது காரணம் உடைமை பற்றியது. நடுத்தரக் குடும்பத்துக்கும் சிறு முதலாளிக்கும் கணினி ஒரு சொத்து. தன் கணக்கு வழக்குகள் தன் மேசையில் இருப்பதே பாதுகாப்பு என்று நம்பியவருக்கு, எங்கோ இருக்கும் சர்வரில் அவை இருப்பது ஐயத்தையே தந்தது.

சென்னைக்கு மேற்கே

இதே ஆண்டுகளில் பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை மின்னணுத் தொழிற்சாலைகளின் பாதையாக மாறியது. 2006-ல் நோக்கியா அங்கே கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2007-ல் டெல் கணினித் தொழிற்சாலை வந்தது. வலைக்கணினியை முந்திய இரு பொருட்களும், மலிவான தனிக்கணினியும் கைபேசியும், இந்தச் சாலையோரத்திலேயே உற்பத்தியாயின. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசும் பகிர்ந்துகொள்ளும் சர்வரை அல்ல, ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தக் கருவியையே தேர்ந்தெடுத்தது.

மதிப்பீடு

நோவா நெட்பிசி விற்பனையில் தோற்றது, அதன் கருத்து நிலைபெற்றது. இன்று அலுவலகக் கோப்புகளும் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் பெருமளவு தொலைதூர சர்வர்களில் உள்ளன, மாதக் கட்டணத்தில் கிடைக்கின்றன. 2025-ல் ஜியோ நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து மாதக் கட்டணத்தில் வழங்கத் தொடங்கிய ஜியோபிசி, நோவாட்டியத்தின் திட்டத்தை ஏறத்தாழ அப்படியே ஒத்தது. இடைப்பட்ட காலத்தில் இணைப்பின் வேகம் பலமடங்கு உயர்ந்தது, தன் தகவல்கள் வேறெங்கோ இருப்பதை மக்கள் கைபேசி வழியாக இயல்பாக ஏற்றுக்கொண்டனர்.

பதிவேட்டில் எழுதிய பட்டறைப் பணியாளருக்குக் கணினி கிடைக்க வேண்டும் என்பதே இம்முயற்சியின் நோக்கம். அது பின்னர் கைபேசி வடிவில் அவரை வந்தடைந்தது. ஆனால் நோவாட்டியம் எண்ணியதுபோல வேலைக்கான கருவியாக அன்றி, பெரிதும் பேசவும் பார்க்கவுமான கருவியாகவே வந்தது.