தொழிலாளி என்றால் யார்?

அமெரிக்காவில் 2020 மார்ச் 27 அன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. சுருக்கமாகக் 'கேர்ஸ் சட்டம்' என்பார்கள். கொரோனாவில் கடை, ஓட்டல், ஆலை எல்லாம் மூடி வேலை பறிபோனவர்களுக்கு, மாநில அரசு தரும் வேலையிழப்பு உதவித்தொகைக்கு மேல் வாரம் 600 டாலர் மத்திய அரசு தரும் என்றது அது. இதை வெறும் கொள்ளைநோய்க் கால நிவாரணமாகப் பார்த்தால் பாதி வரலாறுதான் தெரியும். மீதிப் பாதி 1935இல் கிடக்கிறது.

1935 ஆகஸ்ட் 14இல் அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலை போனால் சில வாரங்களுக்காவது கையில் காசு வரும் என்ற உரிமை நாடு முழுக்க அப்போதுதான் வந்தது. ஆனால் அச்சட்டம் இரண்டு கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஒன்று, விவசாயக் கூலிகள். இன்னொன்று, வீட்டு வேலை செய்பவர்கள். சட்டத்தில் எங்கேயும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை. அன்றைய கறுப்பின உழைப்பாளிகளில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்களும், வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்துத் துவைத்துப் பிள்ளை வளர்த்த பெண்களும் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளிகள் இல்லை.

அதே ஆண்டு கறுப்பின மக்கள் இயக்கமான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் போய் நின்றார். இந்த மசோதா ஒரு சல்லடை. கறுப்பர்கள் விழுந்துபோகிற அளவுக்கு இதன் ஓட்டைகள் இருக்கின்றன என்ற பொருளில் வாதாடினார். கேட்டுக்கொண்டார்கள். ஓட்டையை அடைக்கவில்லை. அந்த நிதிக்குழுவின் தலைவர் மிசிசிப்பியைச் சேர்ந்த பேட் ஹாரிசன்.

இது நிறவெறியால் செய்ததல்ல, சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலும் வீடுகளிலும் வரி வசூலிப்பது சிரமம் என்பதால் செய்தது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். வெளியே நிறுத்தப்பட்டவர்களில் எண்ணிக்கையில் வெள்ளை ஏழைகளே அதிகம் என்றும் அவர்கள் காட்டுகிறார்கள். உண்மைதான். ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு. சிரமம் என்று சொல்லி யாரை விட்டுவிட்டால் ஆட்சிக்கு ஒரு சேதமும் வராதோ, அவர்கள் பேரில்தானே சிரமம் எழுதப்படுகிறது? இவர்களுக்குக் கதவு கொஞ்சம் திறக்க 1976இன் சட்டத் திருத்தம் வரை நாற்பது வருசம் ஆயிற்று. அதிலும் பெரிய பண்ணைகளின் கூலிகளுக்குத்தான் இடம். சின்னப் பண்ணையில் வேலை செய்தவர் வெளியேதான்.

சட்டம் இன்னொரு சாவியை மாநிலங்களின் கையில் கொடுத்தது. எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யும். 2020 தொடக்கத்தில் மாசசூசெட்ஸில் வாரத்துக்கு உச்சத் தொகை 823 டாலர். மிசிசிப்பியில் 235 டாலர். புளோரிடாவில் 275 டாலர், அதுவும் 12 வாரம்தான். கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் தெற்கில்தான் படி மிகக் குறைவு என்பதை யாரும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

இந்த அமைப்பின் தலையில்தான் கொரோனா விழுந்தது. 2020 ஏப்ரலில் வேலையின்மை 14.7 சதவீதம். கறுப்பர்களிடையே 16.7. புளோரிடாவின் ஹயலியா நகரில், கணினி வழியாக விண்ணப்பிக்க முடியாமல், காகிதப் படிவம் வாங்க நோய்க்கு நடுவே மக்கள் வரிசையில் முண்டியடித்தார்கள்.

அப்போதுதான் கேர்ஸ் சட்டம் வந்தது. 600 டாலர் மட்டுமல்ல. வாடகைக் கார் ஓட்டுபவர், சுயதொழில் செய்பவர், துண்டு வேலை பார்ப்பவர் என்று அதுவரை கணக்கிலேயே இல்லாதவர்களுக்கு 39 வாரம் வரை தனித் திட்டம் ஒன்றையும் அது கொண்டுவந்தது. எண்பத்தைந்து வருசமாக முடியாது என்று சொன்னது, சில வாரத்தில் முடிந்தது.

உடனே முதலாளிகள் பக்கம் கூப்பாடு. "வீட்டுல சும்மா குந்திக்கிட்டு இருந்தாலே காசு வந்தா எவன் வேலைக்கு வருவான்?" இந்தப் பேச்சு நமக்கொன்றும் புதுசு இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். உதவித்தொகைக்குத் தகுதியானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்குச் சம்பளத்தைவிட உதவித்தொகை அதிகம் கிடைத்தது என்று தெரிந்தது. உதவித்தொகை கூடிப்போச்சு என்றார்கள். சம்பளம் எவ்வளவு கேவலமாக இருந்தது என்று ஏன் கேட்கவில்லை? மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் 290 டாலர்தான். 600 டாலர் காட்டிக் கொடுத்தது சோம்பேறித்தனத்தை அல்ல, கூலியை.

பலன் என்ன? 2020இல் மட்டும் இந்த உதவித்தொகை 55 இலட்சம் பேரை வறுமைக் கோட்டுக்குக் கீழே விழாமல் தடுத்தது என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே சொன்னது. மோசடியும் நடந்தது, கும்பல்கள் பிறர் அடையாளத்தைத் திருடிக் கோடிக்கணக்கில் சுருட்டின. அதைக் காட்டி ஏழையைத் திருடன் என்றவர்கள், பல பத்தாண்டுகளாகச் செப்பனிடாமல் விட்ட பழைய கணினிகளைப் பற்றிப் பேசவில்லை.

600 டாலர் 2020 ஜூலை இறுதியில் நின்றது. டிசம்பர் இறுதியில் 300 ஆகத் திரும்பி வந்தது. 2021 கோடையில் ஏறத்தாழ பாதி மாநிலங்கள், தெற்கின் பெரும்பகுதி உட்பட, முன்கூட்டியே நிறுத்துவதாக அறிவித்தன. மிச்சமிருந்ததும் 2021 செப்டம்பர் 6 அன்று முடிந்தது. அன்றைக்கு அமெரிக்காவின் தொழிலாளர் தினம். அதற்கு முந்தைய ஆகஸ்டில் வெள்ளையரிடையே வேலையின்மை 4.5 சதவீதம், கறுப்பரிடையே 8.8. யாருக்கு நெருக்கடி முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்று அந்த இரண்டு எண்களே சொல்லும்.

இத்தனை விரிந்த திட்டத்திலும் ஒரு கூட்டத்துக்கு இடமே இல்லை. குடியேற்ற ஆவணம் இல்லாமல் வயலிலும் சமையலறையிலும் கட்டடத்திலும் உழைப்பவர்கள்தான் அவர்கள். 1935இல் கறுப்பர் நின்ற இடத்தில் இப்போது இவர்கள். நியூயார்க்கில் இவர்கள் 2021இல் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 210 கோடி டாலரில் 'விலக்கப்பட்ட தொழிலாளர் நிதி' ஒன்றை மாநில அரசிடமிருந்து பெற்றார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 15,600 டாலர். சில மாதங்களிலேயே அந்த நிதி தீர்ந்தது. கொடுத்தவர்கள் பெயரைவிட, பட்டினி கிடந்து வாங்கியவர்களைத்தான் இந்த வரலாறு நினைவில் வைக்க வேண்டும்.

சலுகைத் தொகை எவ்வளவு என்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சட்டம் யாரைத் தொழிலாளி என்கிறது? 2020இல் அந்தச் சொல்லின் எல்லையை விரிக்கப் பணமும் இருந்தது, வழியும் இருந்தது. 2021இல் அதைச் சுருக்கினார்கள். ஆகவே விலக்கிவைப்பது சிரமத்தால் நடப்பதில்லை. முடிவெடுத்து நடக்கிறது.