பொறியும் இடைவெளியும்: மோட்டார்க் காரின் எரிபற்றல் முறை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு எழுதப்படுமிடத்து நீராவி எஞ்சின், புகையிரதம், ஆகாயவிமானம் ஆகிய பெரும் ஆக்கங்களே முதலிடம் பெறுதல் வழக்கம். அவற்றின் உள்ளே ஒளிந்திருக்கும் சிற்றுறுப்புகள் பழுதுபார்ப்போனின் அக்கறைக்கு உரியனவாக மட்டும் கருதப்பட்டு வந்துள்ளன. இது பொருத்தமான ஒதுக்கீடு அன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகெங்கும் ஓடிய பெற்றோல் கார்களுள் மிகப் பெரும்பாலானவை, இரு சிறு உலோகத் தொடுகைகளுக்கு இடையே விடப்பட்ட ஏறக்குறைய 0.015 அங்குல இடைவெளியை நம்பியே ஓடின. கராச்சுகளில் ‘பொயின்ற்’ என வழங்கும் இத்தொடுகைகளின் வரலாறு, ஒரு கருவியை ஆக்கியவனுக்கும் அதனைக் கையாண்டவனுக்கும் இருந்த உறவின் வரலாறுமாகும்.

பெற்றோல் எஞ்சினின் உருளையுள் அமுக்கப்பட்ட வாயுக்கலவைக்குத் தீ மூட்டினாற் போதாது. முசலம் மேலெல்லையை அணுகும் குறித்த கணத்தில் மூட்டவேண்டும். இக்கணமே தொடக்ககால ஆக்குநரை அலைக்கழித்தது. 1860இல் லெனுவார் தமது வாயு எஞ்சினில் றூம்கோவ் தூண்டற்சுருளைக் கொண்டு மின்பொறி எழுப்பினார். டைம்லர் செஞ்சூடாக்கப்பட்ட குழாயை நாடினார். அம்முறையில் கணத்தைக் கட்டுப்படுத்த வழி இருக்கவில்லை. 1886இல் உரிமம் பெற்ற பென்ஸின் முச்சக்கர வண்டியில் மின்பொறியே பயன்பட்டது. ஆனால் அது அதிர்சுருள் தந்த பொறி. ஒரு பொறியன்று, பொறித்தாரை. அதிர்வின் எந்தப் பொறி வாயுவை மூட்டும் என்பதை எவரும் திட்டமாகச் சொல்ல இயலாது. மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு இது போதுமானதாயிருந்தது. 1908 தொடக்கம் 1927 வரை உற்பத்தியான போர்ட் ‘ரீ’ மாதிரி வண்டிகூட உருளைக்கொன்றாக நான்கு அதிர்சுருள்களைச் சுமந்தே ஓடிற்று.

ஐரோப்பாவில் இதற்கு மாற்றாக எழுந்தது மக்னீற்றோ. றொபேட் பொஷ் 1887இல் நிலையான எஞ்சின் ஒன்றிற்கு மக்னீற்றோவை அமைத்தார். 1897இல் அது வண்டியொன்றிற் பொருத்தப்பட்டது. 1902இல் அவரது தொழிலகத்தைச் சேர்ந்த கொட்லொப் ஹொனொல்ட் உயரழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். பற்றறி வேண்டாத இக்கருவி பரவிய வேகத்திற்கு ஓர் அரசியல் விளைவும் இருந்தது. 1914இல் உலகப்போர் மூண்டபோது, தன் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய மக்னீற்றோக்களுக்குப் பகைநாடான ஜேர்மனியையே தான் பெரிதும் நம்பியிருந்தமையைப் பிரித்தானியா கண்டுகொண்டது. போரின் நடுவே அத்தொழிலைத் தன் மண்ணில் அவசரமாக வளர்க்க வேண்டியதாயிற்று.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட முறை ஒகாயோ மாநிலத்தின் டேற்றன் நகரிற் பிறந்தது. காசுப்பதிவு இயந்திரத் தொழிலகமொன்றில் மின்னியலாளராகப் பணியாற்றிய சாள்ஸ் கெற்றரிங், எட்வேட் டீட்ஸுடன் இணைந்து 1909இல் டெல்கோ நிறுவனத்தை அமைத்தார். அவர்களுடைய எரிபற்றல் அமைப்பு 1910ஆம் ஆண்டு மாதிரிக் கடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. 1912ஆம் ஆண்டு மாதிரியில் மின்தொடக்கியும் மின்விளக்குகளும் சேர்ந்தன. வெற்றியின் காரணம் இங்கேதான் உள்ளது எனலாம். எஞ்சினைத் தொடக்கவும் விளக்கெரிக்கவும் பற்றறியும் அதனை மின்னேற்றும் டைனமோவும் வண்டியில் ஏறிவிட்டபின், பொறிக்கென விலைகூடிய மக்னீற்றோ ஒன்றைத் தனியே வைத்திருக்கத் தேவை இல்லாது போயிற்று. 1920களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியாவின் மலிவான வண்டிகளும் இவ்வழியே திரும்பின.

இம்முறையின் அடிப்படை 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலாகும். தொடுகைகள் பொருந்தியிருக்கையில் பற்றறியின் மின்னோட்டம் முதற்சுருளிற் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. கேம் எனப்படும் முனைகள் கொண்ட தண்டு சுழன்று தொடுகைகளைப் பிரித்ததும் மின்னோட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது, நுண்கம்பியால் மிகப் பல சுற்றுகளாகச் சுற்றப்பட்ட துணைச்சுருளிற் பல்லாயிரம் உவோற்று எழுந்து பிளக்கின் முனையிற் பொறியாகப் பாய்கிறது. அறுத்தல் திடீரென நிகழவேண்டும். பிரியும் தொடுகைகளுக்கிடையே மின்சுடர் எழுந்தால் மின்னோட்டம் இழுபட்டு ஓயும், பொறி வலுவிழக்கும். அதனைத் தடுப்பது தொடுகைகளுக்குக் குறுக்கே இணைக்கப்பட்ட ஒடுக்கி. தூண்டற்சுருளுக்கு இவ்வொடுக்கியை 1853இல் பீசோ என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் சேர்த்திருந்தார். ஆகவே கெற்றரிங்கின் சாதனை புதிய இயற்கை விதி ஒன்றைக் கண்டதன்று. அரைநூற்றாண்டு முதிர்ந்த ஆய்வுகூடக் கருவியை மழையிலும் புழுதியிலும் குலுங்கியோடும் வண்டிக்குள் நிலைபெறச் செய்தமையே.

இடைவெளி இதில் எங்கே வருகிறது? நான்கு உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3000 தடவை சுழலும்போது டிஸ்ரிபியூற்றரின் தண்டு 1500 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தொடுகைகள் நான்குமுறை பிரிகின்றன. அதாவது செக்கனுக்கு 100 பொறிகள். ஒரு பொறிக்குக் கிடைப்பது செக்கனின் நூறிலொரு பங்கு. அதிலும் மூன்றில் இரண்டளவே தொடுகைகள் மூடியிருக்கும் நேரம். இடைவெளி மிகுந்தால் மூடியிருக்கும் நேரம் குறைந்து, வேகமாக ஓடுகையிற் சுருள் நிறையுமுன்னரே அறுபடும். பொறியும் உரிய கணத்திற்கு முந்தும். இடைவெளி குறைந்தால் தொடுகைகள் சுடர்விட்டுக் கருகும், பொறி பிந்தும். இரண்டிற்கும் நடுவே உடன்பாடு கண்ட எண்தான் கையேடுகளில் அச்சாயிற்று. போர்ட் ‘ஏ’ மாதிரிக்கு 0.018 முதல் 0.022 அங்குலம், மொறிஸ் மைனர் 1000 வண்டிக்கு 0.014 முதல் 0.016 அங்குலம், வொல்க்ஸ்வாகனுக்கு 0.4 மில்லிமீற்றர்.

எண் எளிது, நிலைநிறுத்துவது அரிது. கேமைத் தொட்டு உராயும் நார்க்குதி நாள்தோறும் தேய, இடைவெளி குறுகிப் பொறி பிந்தும். தொடுகைகளின் முகமோ பொறிதோறும் உலோகத்தைப் பரிமாறிக்கொள்ளும். ஒன்றிற் பள்ளமும் மற்றதில் முகடும் தோன்றும். தொடக்கத்திற் பயன்பட்ட பிளாற்றினத்தின் இடத்தைத் தங்குதன் பெற்ற பின்னரும் இக்கேடு நீங்கவில்லை. மூடியைக் கழற்றி, குதி கேமின் உச்சியில் நிற்குமாறு எஞ்சினைக் கையாற் சுழற்றி, தகட்டின் திருகாணியைத் தளர்த்தி, அளவுபொறித்த உருக்கு இலையைத் தொடுகைகளிடையே நுழைத்து, அது இறுகாமலும் தளராமலும் வழுக்கிச் செல்லும் நிலையில் திருகாணியை முடுக்குதல் வேலையின் ஒழுங்கு. முடுக்கியபின் மீளவும் அளக்கவேண்டும்; ஏனெனில் முடுக்குதலே இடைவெளியை மாற்றிவிடும். அன்றியும், முகடு தோன்றிய பழந்தொடுகையில் உருக்கு இலை முகட்டையே முட்டும்; இலை காட்டும் அளவினும் மெய்யான இடைவெளி கூடியதாயிருக்கும். பிழையற்ற கருவி பிழையான விடையைத் தரும் இத்தகைய இடங்களிலேதான் நூலறிவும் கைப்பழக்கமும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. இலை கைவசம் இல்லாதவிடத்துத் தடித்த முகவரி அட்டையை மடியாது நுழைத்து ஒப்பேற்றியோரும் உளர். அவ்வாறு ஓடிய வண்டிகள் வீடுபோய்ச் சேர்ந்தன என்பதும் மறுக்கத்தக்கதன்று.

இவ்வேலை வண்டி உரிமையாளருக்கான கையேட்டிலேயே விளக்கப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. ஆக்குநன் தன் பொருளின் தேய்வை ஒளிக்கவில்லை. அதனைச் சரிசெய்யும் அறிவையும் விலையோடு சேர்த்தே ஒப்படைத்தான். இவ்வொப்பந்தத்தின் பயனை நன்கு உணர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1950களில் இங்கு இறங்கிய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள், 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் மாற்றீடின்றி நின்றன. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை அவற்றை ஓடச்செய்தது பெரிதும் கராச்சுத் தொழிலாளரின் கையே. கருகிய தொடுகையைச் சாணைக்கல்லில் தேய்த்து மட்டமாக்கி மீண்டும் பூட்டுதல் அன்று சிக்கனம் அன்று, வேறு வழியின்மை.

இதே காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் இடைவெளியின் முடிவு எழுதப்பட்டது. முடித்துவைத்தது வேகமன்று, சட்டம். 1970ஆம் ஆண்டின் தூயகாற்றுச் சட்டத்தின் வழிவந்த விதிகள், வண்டியின் புகை பல்லாயிரம் மைல் ஓடிய பின்னும் வரையறைக்குள் நிற்கவேண்டுமென வற்புறுத்தின. நாளுக்குநாள் தேயும் குதியைக் கொண்டு அவ்வுறுதியை அளித்தல் இயலாது. கிறைஸ்லர் 1973ஆம் ஆண்டு மாதிரிகளிலும், ஜெனரல் மோட்டர்ஸ் 1975ஆம் ஆண்டு மாதிரிகளிலும் தொடுகையற்ற இலத்திரனியல் எரிபற்றலைப் பொதுவாக்கின. காற்றுக்கு இது நன்மையே. எனினும் புதிய பெட்டகம் மூடி முத்திரையிடப்பட்டது. பழுதுபட்டால் மாற்றலாமேயன்றித் திருத்தல் இயலாது. திருத்தும் அறிவு கையேட்டிலிருந்து மெல்ல மறைந்தது.

அவ்வறிவு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை யாழ்ப்பாணக் குடாநாடு 1990இன் பின்னர் கண்டது. போரோடு வந்த பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாயிற்று. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறிதளவு பெற்றோலிற் தொடக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும். இதற்கு இசைந்தவை புதிய வண்டிகளல்ல; 7.2க்கு 1 என்னும் குறைந்த அமுக்க விகிதம் கொண்ட ஒஸ்ரின் ஏ 40 போன்ற பழையவை. மண்ணெண்ணெய் விரைந்து அடிபோடும் இயல்பினதாகையாற் பொறியைப் பிந்தச் செய்யவேண்டும். கரிபடிந்த பிளக்கைக் கடக்க வலுவான பொறியும் வேண்டும். முன்னதற்கு டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிவைக்கவும், பின்னதற்குத் தொடுகைகளைத் தேய்த்து இடைவெளியைச் செம்மையாக்கவும் தெரிந்தோர் ஊர்தோறும் இருந்தனர். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல வண்டி கிடைத்ததும் கிடைக்காததும் சிலவேளை அவர்கள் கையிலேயே தங்கியிருந்தது. பெற்றோல் மீண்டும் கிடைக்கத் தொடங்கியபோது, பிந்தவைத்த டிஸ்ரிபியூற்றர்கள் ஒவ்வொன்றாகப் பழைய குறிக்குத் திருப்பப்பட்டன.