பெண்கள் கூடி இழுத்த தேர்

மார்பில் கட்டி என்றால் வாய் திறந்து சொல்லவே நமக்குக் கூச்சம். "யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று நாளைக் கடத்திவிடுகிறோம். அமெரிக்காவில் அதே நோய் வந்த பெண்கள் ஒன்றுகூடி வாய் திறந்தபோது என்ன நடந்தது என்பதை நம் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் வந்த ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, புற்றுநோய் செல்லின் மேல் 'ஹெர்2' என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கும். "வளரு, வளரு" என்று செல்லை விரட்டுவது அதுதான். இது இருந்தால் நோய் வேகமாகப் பரவும் என்பதை 1987இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர் டென்னிஸ் ஸ்லாமனின் குழு கண்டறிந்தது. அந்தப் புரதத்தில் போய் ஒட்டி, அதன் வாயை அடைக்கும் ஊசி மருந்தை ஜெனென்டெக் கம்பெனி தயாரித்தது. அதுதான் டிராஸ்டுசுமாப், ஹெர்செப்டின் என்ற பெயரில் வந்தது.

மருந்து சோதனையில் இருந்தபோதே, நோய் முற்றிய பெண்கள் "எங்களுக்கும் கொடுங்க" என்று கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. கேட்டும் கிடைக்காமல் மார்ட்டி நெல்சன் என்ற பெண் டாக்டர் 1994இல் இறந்தார். அந்த டிசம்பரில் பெண்கள் கார்களில் இறுதி ஊர்வலம் போலக் கிளம்பி, கம்பெனி வாசலுக்கே போய்விட்டார்கள். அதன் பிறகு கம்பெனி இறங்கி வந்தது. மருந்து குறைவாக இருந்ததால், நம்ம சீட்டு மாதிரி குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் சண்டை போட்டதோடு நிற்கவில்லை; சோதனைக்கு ஆள் சேர்க்கவும் உதவினார்கள்.

469 பெண்களிடம் நடந்த சோதனையில், கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் சுமார் 20 மாதம் தாண்டி வாழ்ந்தார்கள். இந்த மருந்தும் சேர்ந்தபோது அது 25 மாதமானது. 1998 செப்டம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. ஐந்து மாதம்தானா என்று தோன்றலாம். ஆனால் ஆரம்ப நிலையிலேயே கொடுத்தால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2005இல் தெரியவந்தது.

அடுத்த தடை விலை. இந்தியாவிலும் விலையைக் குறைக்கக் கோரி குரல் எழுந்தது. 2013இல் ரோஷ் கம்பெனி இங்கே காப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பெங்களூரு பயோகான், விலை குறைந்த மாற்று மருந்தைக் கொண்டுவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

சகோதரிகளே, கட்டி தட்டுப்பட்டால் அடுத்த குழுக் கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க. புற்றுநோய் என்று தெரிந்தால், "ஹெர்2 டெஸ்ட் எடுத்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்க. இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும். அதனால் இதயப் பரிசோதனையும் அவசியம். தனியாகப் போகப் பயமா? குழுவில் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க.