மூச்சும் மரணமும்: செயற்கைச் சுவாசம் எழுப்பிய அறப் பிரச்சினைகள்

ஒருவர் இறந்தாரென்பதை 'மூச்சடங்கியது' என்று கூறுதல் தமிழ் வழக்கு. மூச்சு நிற்றலும் உயிர் பிரிதலும் ஒரே நிகழ்ச்சியென்ற பொது அனுபவமே இவ்வழக்குக்கு அடிப்படையாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மருத்துவமும் சட்டமும் பெரும்பாலும் இவ்வனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்தன. செயற்கைச் சுவாசமுறை வளர்ச்சியடைந்தபோதே இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன. இன்று சுவாசப் பராமரிப்பைப் பயில்வோருக்கு ஒழுக்கநெறி, சட்டம், நோய்த்தொற்றுத் தடுப்பு ஆகியன தொடக்கப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. இவை கருவி நுட்பத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டவையல்ல. அந்நுட்பத்தின் உள்ளிருந்தே எழுந்தவை. இதனை வரலாற்று அடிப்படையில் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலங்கொன்றின் மூச்சுக்குழாயிலே துளையிட்டு, நாணற் குழாயூடாகக் காற்றை ஊதி அதன் உயிரைக் காக்கலாமென்பதை வெசேலியஸ் 1543ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது உடற்கூற்று நூலிலேயே குறிப்பிட்டிருந்தார். எனினும் நோயாளரை நீண்ட நாட்கள் சுவாசிக்கவைக்கும் கருவி 1928ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிலிப் டிறிங்கர், லூயிஸ் ஷா என்போர் அமைத்த 'இரும்பு நுரையீரல்' அதுவாகும். நோயாளியின் தலை தவிர்ந்த உடல் முழுவதும் ஓர் உலோகப் பேழையுள் அடைக்கப்படும். பேழையினுள் அமுக்கம் குறைகையில் மார்பு விரிந்து காற்று உட்செல்லும். அமுக்கம் மீள்கையில் காற்று வெளியேறும். மார்புத் தசைகள் மாத்திரம் செயலிழந்தோருக்கு இது பெரிதும் உதவிற்று. ஆனால் இளம்பிள்ளைவாதம் தொண்டைத் தசைகளையும் தாக்கியவிடத்து நோயாளியால் உமிழ்நீரை விழுங்கவோ இருமவோ இயலாது. தொண்டையில் தேங்கும் சுரப்புக்கள் நுரையீரலுள் இறங்கிவிடும். இத்தகையோரைக் காப்பாற்றப் பேழையால் இயலவில்லை.

இக்குறைபாடு 1952ஆம் ஆண்டிலே டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் பேரவலமாக வெளிப்பட்டது. அங்கு பிளெக்டம் வைத்தியசாலையில் யூலை மாதம் முதல் டிசெம்பர் மாதத் தொடக்கம்வரை 2,722 இளம்பிள்ளைவாத நோயாளர் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் 316 பேருக்குச் சுவாசத்துக்கோ தொண்டைச் சுரப்புக்களை அகற்றுவதற்கோ சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டது. வைத்தியசாலையிலோ ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின்மீது பொருத்தும் கருவிகள் ஆறுமே இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளாற் சிகிச்சை பெற்ற 31 பேருள் 27 பேர் மாண்டனர். பிரதம மருத்துவராகிய லாசன், தமது துறைக்குப் புறத்தேயிருந்த ஒருவரின் ஆலோசனையை நாடினார். அவரே மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன் ஆவார்.

இறந்தோரின் குருதியிலே காபனீரொட்சைட்டின் மொத்த அளவு மிகுந்திருந்தமையை மருத்துவர்கள் குருதியின் காரத்தன்மைக்கு அடையாளமெனக் கொண்டிருந்தனர். சத்திரசிகிச்சைக் கூடத்தில் சுவாசத்தை நாள்தோறும் கையாண்ட இப்சனோ, நுரையீரல் போதிய அளவு காற்றோட்டம் பெறாமையால் அவ்வாயு உடலிலே தேங்கியுள்ளதெனக் கண்டார். ஓகஸ்ட் 27ஆந் திகதி, மரணத் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிடப்பட்டுக் குழாய் செருகப்பட்டது. அதனோடு இணைத்த இறப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளது நுரையீரலுக்குக் காற்றூட்டப்பட்டது. காற்றோட்டம் குறைந்தபோது வியர்வையும் உயர் குருதியமுக்கமும் தோன்றுவதையும், பையை அழுத்தியதும் அவை நீங்குவதையும் கூடியிருந்த மருத்துவர்கள் கண்டனர். அச்சிறுமி உயிர் பிழைத்தாள்.

முறை கிட்டிற்று, ஆனால் அதனை இயக்கப் பொறியில்லை. ஒரே வேளையில் எழுபது நோயாளர்வரை இவ்வாறு சுவாசிக்கவைக்கப்பட வேண்டியிருந்தது. அப்பணியை ஏற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்களே. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து நோயாளியின் தலைமாட்டிலமர்ந்து, இரவு பகலாக மொத்தம் 165,000 மணித்தியாலங்கள் பையை அழுத்தினர். தொண்டையும் சுவாசமும் பாதிக்கப்பட்டோரின் மரண வீதம் ஏறத்தாழ 87இலிருந்து 40க்கும் கீழே இறங்கிற்று. 1953 டிசெம்பரில் இப்சன் கொப்பன்ஹேகனின் வேறொரு வைத்தியசாலையில் அமைத்த பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியெனக் கருதப்படுகிறது. மாணவரின் கைகள் செய்த வேலையைப் பின்னர் பொறிகள் ஏற்றன.

இவ்வெற்றியோடு மூன்று பிரச்சினைகளும் தோன்றின. முதலாவது, பங்கீடு பற்றியது. ஏழு கருவிகள் மாத்திரம் உள்ளவிடத்து அவற்றை யாருக்கு அளிப்பது? கொப்பன்ஹேகன் இவ்வினாவுக்கு ஒரு தத்துவத்தால் விடை காணவில்லை. மேலும் கைகளைத் தேடியே விடை கண்டது. எல்லாக் காலத்திலும் அது இயலுவதன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று இத்தாலியின் வடபகுதியை நிலைகுலையச் செய்தபோது, அந்நாட்டின் மயக்க மருந்து, தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் யாருக்கு முன்னுரிமை வழங்குவதென்பதற்கு நெறிமுறைகளை வெளியிட நேர்ந்தது. அவை கடும் விவாதத்துக்குள்ளாயின. எனினும் இத்தகைய முடிவை நள்ளிரவில் தனியொரு மருத்துவரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுதல் ஆகாது என்பதே அந்நெறிமுறைகளின் உட்கிடை எனலாம்.

இரண்டாவது, தொற்றுப் பற்றியது. மூக்கும் தொண்டையும் உட்செல்லும் காற்றை வடித்து, வெப்பமும் ஈரமும் ஊட்டுகின்றன. மூச்சுக்குழாயில் நேரே குழாய் செருகப்படும்போது இவ்வியற்கை அரண் கடக்கப்படுகிறது. ஆகவே ஈரத்தைச் செயற்கையாக ஊட்டவேண்டியதாயிற்று. அதற்கென நீரை நுண்துளிகளாக்கும் கருவிகளே பற்றீரியாக்கள் பெருகுமிடங்களாகி, அவற்றை நுரையீரலுள் நேரே செலுத்தக்கூடுமென 1965ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். உயிர் காக்கவந்த கருவியே நோயைக் கொணரக்கூடுமென்பது அப்போது தெளிவாயிற்று. கருவிகளை முறையாகத் தொற்றுநீக்குதலும் கை கழுவுதலும் அதனாலேயே இத்துறையின் அடிப்படை விதிகளாயின. குழாய்த் தொகுதியை அடிக்கடி மாற்றுவதே பாதுகாப்பென முதலில் எண்ணப்பட்டது. பின்வந்த ஆய்வுகளோ அம்மாற்றத்தால் நன்மையில்லை எனக் காட்டின. அழுக்குற்றாலோ பழுதுற்றாலோ மாத்திரம் மாற்றினாற் போதுமென்ற விதி இன்று நிலவுகிறது. நற்கருத்து மாத்திரம் போதாது, விதியும் சோதனைக்கு உட்படவேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தொற்று மறுதிசையிலும் செல்லவல்லது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் பரவியபோது, மூச்சுக்குழாயிலே குழாய் செருகும் பணி மருத்துவருக்கும் தாதியருக்கும் பேராபத்தாயிற்று. அந்நோயைப் பற்றி உலகை எச்சரித்த மருத்துவர் கார்லோ உர்பானி அந்நோயினாலேயே மார்ச் 29ஆந் திகதி உயிரிழந்தார். நோயாளியைக் காக்கும் கடமையும், காப்போரைக் காக்கும் கடமையும் இவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்தன.

மூன்றாவது பிரச்சினையே மிகக் கடினமானது: எப்போது நிறுத்துவது? 1957 நவம்பர் 24ஆந் திகதி, ஒஸ்திரிய மயக்க மருந்து வல்லுநரொருவர் எழுப்பிய வினாக்களுக்குப் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் விடையளித்தார். அசாதாரண வழிமுறைகளைக் கையாளும் கட்டாயம் எவருக்கும் இல்லை எனவும், மரணம் நிகழ்ந்த கணத்தை வரையறுத்தல் மருத்துவரின் பொறுப்பு எனவும் அவர் கூறினார். 1959இல் பிரான்சின் மொலறேயும் குலோனும், மூளைச் செயல் முற்றாக நின்றபின்னரும் பொறியின் துணையால் மார்பு அசையும் நிலையை விவரித்தனர். 1968இல் ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வார்ட் குழு, மீளமுடியாத மூளைச் செயலிழப்பை மரணத்தின் அளவுகோலாக முன்வைத்தது. எமது நாட்டிலும், மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதல் தொடர்பான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளையின் மரணத்துக்கு இடமளித்தது.

ஆயினும் மூளை முற்றாக இறவாமல், அறிவு மீளும் நம்பிக்கையுமற்றுக் கிடப்போரின் நிலை வேறு. கரன் ஆன் குவின்லன் என்ற இளம் பெண் 1975இல் இந்நிலையை அடைந்தாள். பொறியை அகற்றுமாறு பெற்றோர் கேட்டனர், மருத்துவர்கள் மறுத்தனர். 1976 மார்ச் 31ஆந் திகதி நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம், சிகிச்சையை மறுக்கும் உரிமை அவளுக்குண்டு எனவும், அவள் சார்பில் தந்தையார் அதனைச் செயற்படுத்தலாம் எனவும் தீர்ப்பளித்தது. இத்தகைய முடிவுகளை வைத்தியசாலையின் அறக்குழுவொன்று ஆராயவேண்டும் எனவும் கூறிற்று. பொறி அகற்றப்பட்டபின் அவள் இறந்துவிடுவாளெனப் பலரும் எதிர்பார்த்தனர். அவளோ தானே சுவாசித்து 1985 யூன் மாதம்வரை உயிரோடிருந்தாள். நீதிமன்றம் வழங்கியது மரணத் தீர்ப்பன்று, ஒரு சிகிச்சையை நிறுத்தும் உரிமையே என்பதை அவ்வொன்பது ஆண்டுகள் உணர்த்தின.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கொப்பன்ஹேகனில் பையை அழுத்திய மாணவன், தன் கை நின்றால் எதிரே கிடப்பவரின் மூச்சும் நிற்குமென்பதைத் தன் விரல்களாலேயே அறிந்திருந்தான். கை களைத்தபோது மற்றொருவரை அழைத்தான். பொறிக்குக் களைப்பில்லை, தான் செய்வது இன்னும் நோயாளிக்கு நன்மைதானா என்று அது கேட்பதுமில்லை. அக்கேள்வியைப் பொறிக்காக மனிதர் கேட்டாகவேண்டும். சுவாசப் பராமரிப்பின் ஒழுக்கநெறியும் சட்டமும் தூய்மை விதிகளும் அக்கேள்வியைத் தவறாது கேட்பதற்காக வகுக்கப்பட்ட முறைகளேயாகும். அவற்றை மனனஞ்செய்து தேர்வு எழுதும் மாணவர், அவை எந்த நோயாளரின் படுக்கையருகே பிறந்தன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.