குடியம் மலையில் கல் எடுத்தவர்கள்

மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் பட்டறை ஆட்கள். லேத், பிரஸ், வெல்டிங் என்று அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பைக் கடைந்து கருவி செய்பவர்கள். அந்தப் பேட்டை தொடங்கியது 1964இல். அதே ஆண்டுகளில், இதே சாலையில் மேற்கே திருவள்ளூரைத் தாண்டி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள ஒரு குகையைத் தொல்லியல் துறை அகழ்ந்துகொண்டிருந்தது. தேடியது அங்கே கல்லில் கருவி செய்தவர்களின் சுவடுகளை.

அந்தக் குகை குடியத்தில் இருக்கிறது. கிராமத்தைக் கடந்ததும் காப்புக்காடு. நடந்துதான் போகவேண்டும். முள்ளும் புதருமான வறண்ட காடு. பெரிய நிழல் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்தே அனல் அடிக்கும். பாதை முழுக்கக் காலடியில் கூழாங்கல் உருளும். ஆறு எதுவும் கண்ணில் படாத மேட்டில் இத்தனை கூழாங்கல் எப்படி வந்தது என்று நடப்பவர் யோசித்துக்கொண்டே போவார். குகைக்குள் போய் நின்றால் பதில் கிடைத்துவிடும். சுவரே கூழாங்கல்லால் ஆனது! முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை, மழுங்கிய உருண்டைக் கற்கள் மண்ணும் மணலும் இறுகிய கலவையில் பதிந்து, பாதி உடல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. கூரையில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கும். உள்ளே ஓர் அம்மனும் இருக்கிறாள்.

குகை இருக்கும் அல்லிக்குழி மலைத்தொடரின் பாறை அத்தனையும் இப்படித்தான். டைனோசர்கள் நடமாடிய காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பழைய ஆறுகள் மேற்கே இருந்த குவார்ட்சைட் மலைகளை உடைத்து உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய கற்கள் இவை. மழை பெய்யப் பெய்யச் சுவர் கரைந்து, கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அடிவாரத்தில் சேர்கின்றன. கருவி செய்ய இதைவிட வசதியான கல் கிடைப்பது அரிது. குவார்ட்சைட் கடினமானது, உடைந்தால் விளிம்பு கூராக நிற்கும்.

வேலை பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் அப்படியில்லை. ஒரு கையில் கூழாங்கல், மறுகையில் சுத்தியலாக இன்னொரு கல். விளிம்பில் சரியான கோணத்தில் அடித்தால் ஒரு செதில் தெறிக்கும். அது பெயர்ந்த இடத்தில் ஆழமில்லாத குழிவு விழும். கல்லைத் திருப்பி, அந்தக் குழிவின் ஓரத்திலேயே மறுபக்கம் அடிக்கவேண்டும். இப்படி இரு முகமும் செதுக்கிக்கொண்டே போனால், ஒரு முனை குறுகி, கைக்கு அடங்கும் கைக்கோடரி உருவாகும். ஓர் அடி பிசகினாலும் கல் நடுவில் பிளந்துவிடும். அடிப்பதற்கு முன்பே முடிந்த வடிவம் மனதில் இருந்தாகவேண்டும். அந்தத் திட்டமிடலை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது.

இப்படி ஒரு கருவி இந்த நாட்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதே கல் வெட்டிய பள்ளம் ஒன்றால்தான். 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் கவாத்து மைதானத்தில் கிராவல் தோண்டிய பள்ளத்திலிருந்து ஒரு கற்கருவியை எடுத்தார். ஐரோப்பாவில் இத்தகைய கற்கள் மனிதன் செய்தவைதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தச் செய்தியைப் படித்திருந்த கண்ணுக்கு அது வெறும் கல்லாகத் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்து ஓடையில் கற்கருவிகளைக் குவியலாகக் கண்டார்கள். சென்னையின் பெயரால் ஒரு கைக்கோடரிப் பண்பாடே உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பிடித்தது.

குடியம் குகையை 1962 முதல் 1964 வரை அகழ்ந்தவர் கே.டி. பானர்ஜி. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவரது குழுவும் அகழ்ந்தார்கள். குவார்ட்சைட் கல் வெயிலில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்களால் அதில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் உண்டாகும். மண்ணுக்குள் புதைந்தபின் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேயும். அந்த விகிதத்தை அளந்து, அடியடுக்குக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளாகப் புதைந்து கிடந்தவை என்று 2011இல் அறிவித்தார்கள். 2018இல் இன்னொரு முடிவு வந்தது: கைக்கோடரியை விட்டுச் சிறு செதில் கருவிகளுக்கு மாறும் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: கருவி எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை. அடுக்கு கலைந்துவிட்டால் கருவிக்கு வயது சொல்ல ஆளில்லை.

சென்னையைச் சுற்றியுள்ள பாறைகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் கவலை கூடுகிறது. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளை ஜல்லிக்காகக் குடைந்தோம். மாங்காட்டுக்குப் பக்கத்துச் சிக்கராயபுரத்தில் கல்குவாரிகள் ஏரி அளவுக்கு ஆழ்ந்துபோய், 2017 வறட்சியில் அந்தப் பள்ளத்து நீரைச் சுத்திகரித்து நகரம் குடித்தது. குடித்தது நல்ல காரியம்தான். ஆனால் வெட்டிய பாறை திரும்பாது. திருவள்ளூர் மாவட்டத்தில் சவுடும் கிராவலும் ஏற்றும் லாரிகள் இன்றும் ஓடுகின்றன. பல்லாவரத்துக் கருவி கிடைத்ததும் கிராவலில்தான். அன்று மண்வெட்டியால் தோண்டினார்கள், அதனால் ஒருவர் குனிந்து பார்க்க முடிந்தது. பொக்லைன் அள்ளும் மண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

அல்லிக்குழி மலையையும் அதன் சரிவுகளையும் எந்தக் குவாரி உரிமத்துக்கும் எட்டாமல் வைப்பது அரசின் கடமை. நடக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே போங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். தேனடைக்குக் கீழே புகை வேண்டாம், சத்தம் வேண்டாம். செதுக்கிய கல் போல ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். கற்கருவிகளை அருகில் நின்று பார்க்கவேண்டுமானால், திரும்பும் வழியில் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.